சுடலைமுத்துவும் நாற்பத்தோராம் கட்டமும்

2019ஆம் ஆண்டின் ஆவணி மாதம்; சிறுபோக நெல் அறுத்து முடிந்து, வயல்களில் மாடுகள் தாள் மேய்ந்து திரிந்த காலம். ஒட்டுசுட்டானை அண்டிய பால் உற்பத்தியாளர் சங்கத்துக்குப் பின்புறம் திறந்த சரக்குத் தட்டுள்ள, புத்தம் புதிய கப் ரக வாகனம் ஒன்று வந்திறங்கிய அன்றுதான், அதனை ஓட்டுவதற்கென நியமிக்கப்பட்ட சுடலைமுத்துவைச் செயலாளர் கமலாசனி முதன்முதலாகக் கண்டார். நெற்றியில் திருநீறும் சட்டைப் பையில் இரண்டு பேனாக்களுமாக வந்த அந்த மனிதர், வாகனத்தைத் தொடுமுன் அதனுடன் வந்த புத்தகத்தை ஒரு கிழமை முழுவதும் வாசித்தார்.

வாகனத்தைக் கொழும்பிலுள்ள ஒரு திட்ட அலுவலகம் வழங்கியிருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. மாத முடிவில் ஓட்டுநர் அறுபத்து நான்கு அம்சங்களைத் தாமே பரிசோதித்து, ‘சரி’ அல்லது ‘பழுது’ என்று அடையாளமிட்டு, கேள்விகளுக்கு விடையும் எழுதி ஒப்பமிட வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் படிவம் குறைபாடாக இருந்தால் வாகனம் திரும்பப் பெறப்படும். அது வந்த பிறகுதான் மிருக வைத்தியர் நோயுற்ற மாடுகளை உயிருடன் காணத் தொடங்கியிருந்தார். ஆகவே, அதனை இழக்கச் சங்கத்தில் எவரும் விரும்பவில்லை.

முதல் மாதப் படிவத்தில் அறுபத்து மூன்று கட்டங்கள் நிரம்பியிருந்தன. நாற்பத்தோராவது வெறுமையாக இருந்தது. ‘இழுவைப் பெட்டி ஆட்டக் கட்டுப்பாடு’ என்பது அதன் தலைப்பு. பின்னால் பூட்டிய பெட்டி வேகத்தில் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கினால், வாகனம் தானாகவே தடை போட்டு அதை நேராக்கும் வசதி.

“அண்ணை, நாப்பத்தொண்டை விட்டிட்டீங்கள்,” என்றார் கமலாசனி.

“விடலிங்கம்மா. பாக்கல.”

“நாங்கள்தான் ஒண்டையும் இழுக்கிறேல்லையே! சும்மா சரி எண்டு போடுங்கோ.”

“இழுக்காட்டி அது வேலை செய்யுதா இல்லையான்னு எனக்கு எப்படிங்கம்மா தெரியும்? பாக்காதத பாத்தேன்னு எழுதச் சொல்றீங்களே.”

சங்கத் தலைவர் தவராசா கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தார். “உந்த ஆட்டத்தைப் பற்றி வாகனமே கவலைப்படேல்லை. உமக்கேன் காணும் கவலை?”

“வாகனம் கையெழுத்துப் போடலிங்களே ஐயா,” என்றார் சுடலைமுத்து.

அவருடைய பிடிவாதத்தின் வேர் மலையகத்தில் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் அவருடைய தந்தை, அரிசிப் பங்கீட்டுக்கென்று நீட்டப்பட்ட தாளொன்றில் பெருவிரலைப் பதித்தார். இந்தியாவுக்குச் செல்ல விரும்புகிறேன் என்னும் விண்ணப்பம் அது. அதன்படி மணமான மூத்த மகளையும் அவளது குடும்பத்தையும் முதலில் கப்பல் கொண்டு சென்றது. எஞ்சியவர்கள், தம் முறை வருமுன் 1977இன் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டினர். இதனைச் சுடலைமுத்து ஒரு தேநீர் வேளையில், சீனி போதுமா என்று கேட்கும் குரலில் கமலாசனியிடம் சொன்னார். அதன்பின் கமலாசனி அவரை வற்புறுத்தவில்லை.

மாறாக, ‘பொருந்தாது’ என்று மூன்றாவது நிரல் ஒன்றைச் சேர்க்குமாறு கொழும்புக்கு எழுதினார். படிவம் மும்மொழிகளிலும் அங்கீகரிக்கப்பட்டுவிட்டதாகப் பதில் வந்தது. புரட்டாதியிலும் கட்டம் வெறுமையாகவே போயிற்று. கொழும்பிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார்.

“மேடம், அந்த வசதி பழுதா?”

“இல்லை.”

“அப்போ சரின்னு போடலாமே?”

“ஓட்டுநர் பாக்கேல்லையாம். பாக்கிறதெண்டால் எதையாவது இழுக்க வேணும்.”

“அப்போ இழுங்க மேடம்!”

அரச கட்டளையைப் போல அதனை ஏற்றுக்கொண்டது சங்கம். கிளிநொச்சியில் ஒரு கராச்சில் வாகனத்தின் பின்புறம் கொளுக்கி பொருத்தப்பட்டது; மின்கம்பியும் இணைக்கப்பட்டது. கட்டட ஒப்பந்தகாரர் ஒருவரிடம் இழுத்துச் செல்லும் தண்ணீர்த் தாங்கியான பவுசர் ஒன்று இரவல் பெறப்பட்டது. அதனை அரைவாசி மட்டும் நிரப்புமாறு சுடலைமுத்து சொன்னார். நிறைந்த பவுசர் அடக்கமாக வருமாம்.

ஐப்பசியில் ஒரு காலை, மாங்குளம் வீதியின் நேரான துண்டொன்றில் சோதனை நடந்தது. சாட்சியாகக் கமலாசனி முன் இருக்கையில் அமர்ந்திருந்தார். வேகம் ஏறியது. சுடலைமுத்து சுக்கானை வெடுக்கென்று அசைத்தார். பின்னால் தண்ணீர் மோதிற்று. பவுசர் இடம் போய், வலம் போய், மீண்டும் இடம் போயிற்று. கமலாசனி முல்லைத்தீவு மாவட்டத்தின் தெய்வங்கள் அனைத்தையும் அழைத்தார். அதற்குள் முன்பலகையில் ஒரு விளக்குச் சிமிட்டியது, சில்லுகளில் ஒன்றை யாரோ மெல்லப் பிடித்து நிறுத்துவது போலிருந்தது, பவுசர் நேராயிற்று.

“இருக்குங்கம்மா,” என்றார் சுடலைமுத்து. வாகனத்தை ஓரங்கட்டி, அங்கேயே நாற்பத்தோராம் கட்டத்தில் ‘சரி’ இட்டார். நேரத்தையும் குறித்தார்.

அம்மாதப் படிவத்தில் ஐம்பத்தெட்டாம் கட்டமும் இருந்தது: ‘அனுமதியின்றி வாகனத்தில் மாற்றம் ஏதும் செய்யப்பட்டுள்ளதா?’ முந்திய இரு மாதங்களும் ‘இல்லை’ என்று எழுதியவர், இம்முறை ‘ஆம். கொளுக்கி’ என்று தெளிவாக எழுதினார். அனுமதி கேட்க வேண்டும் என்பது தவராசாவுக்கோ கமலாசனிக்கோ தோன்றியிருக்கவில்லை. படிவத்தை அனுப்புமுன் கமலாசனி அவ்வரியைக் கண்டார், நெடுநேரம் பார்த்தார், உறையை ஒட்டினார்.

அனுமதியின்றிக் கொளுக்கி பூட்டியதற்காகத் தை மாதத்தில் வாகனம் திரும்பப் பெறப்பட்டது. கூடவே வந்த கடிதம், மாகாணத்திலேயே முழுமையாக நிரப்பப்பட்ட ஒரே படிவம் இச்சங்கத்துடையது என்று பாராட்டியிருந்தது. தவராசா அதனைச் சட்டமிட்டு மாட்டினார். கோபத்தில் மாட்டினாரா, பெருமையில் மாட்டினாரா என்பது இன்றுவரை தெளிவில்லை.

சங்கம் பழைய உழவு இயந்திரத்துக்குத் திரும்பியது; அதனையும் சுடலைமுத்துவே ஓட்டினார். அதன் பெட்டியில் பாற்கலன்களுக்கிடையே மிருக வைத்தியர் ஒரு கதிரையில் அமர்ந்து பயணம் செய்தார். நாள்தோறும் இழுக்கின்ற அவ்வியந்திரத்தில் ஆட்டத்தைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. அதற்குப் படிவமும் இல்லை. ஒரு மாரியில் பெட்டி ஆடி மதகுக் கட்டில் அடித்தது. இரண்டு கலன் பால் வாய்க்காலில் போயிற்று. வைத்தியருக்குக் காயமில்லை; கதிரைக்குத்தான் ஒரு கால் குறைந்தது.

2024இல் சுடலைமுத்து, மகள் சுமித்திராவுடன் வாழ வவுனியாவுக்குப் புறப்பட்டார். அங்கே ஓர் அரிசி ஆலையில் ஓட்டுநர் வேலைக்குச் சேவைச் சான்றிதழ் தேவைப்பட்டது. கமலாசனி தம் கைப்பட எழுதினார். ‘எவ்வித விபத்துமின்றி வாகனம் செலுத்தியவர்’ என்னும் தொடரில் சிறப்புக் கவனம் செலுத்தினார். சுடலைமுத்து மூக்குக்கண்ணாடியை மாட்டி, விரலால் வரி பிடித்து வாசித்தார். விரல் அவ்விடத்தில் நின்றது.

“அண்ணை, உந்த வரியை மாத்தினால் ஆர் உங்களுக்கு வேலை தருவினம்?” என்றார் கமலாசனி, அவர் வாய் திறக்குமுன்.

“அது அவங்க பாடுங்கம்மா. இந்த வரிய எடுத்துட்டு, மதகுல பெட்டி அடிச்சத எழுதித் தாங்க. தேதி நான் சொல்றேன்.”