வந்த வழியே திரும்பிய வால்ட்ஸ்

அக்காவின் கல்யாணத்தில் வால்ட்ஸ் ஆட வேண்டும் என்று முடிவெடுத்தவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. இருபது வருடம் கனடாவில் இருந்துவிட்டு, கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே எங்கள் ஊரான கீரிக்கு வந்து இறங்கியிருந்தார். எங்கள் பக்கம் கல்யாணமென்றால் மாதா கோயிலில் பூசை, பிறகு கேக், வைன், அதன்பின் பைலாப் பாட்டுப் போட்டு வியர்க்க வியர்க்க ஆட்டம். பொம்பிளை, மாப்பிள்ளை, தோழி, தோழன் என்று நான்கு பேர் எண்ணிவைத்த அடிகளில் சுழல்வதை எங்கள் ஊர் கண்டதில்லை. பெரியம்மா அதற்கு 'எங்கட வழக்கம்' என்று பெயர் வைத்தார். யாரும் மறுக்கவில்லை. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் அவர்தான் பொறுப்பு.

தோழி நான். கேட்டவுடனே ஓம் என்றேன். அந்த நாட்களில் நான் எதற்கும் ஓம் சொல்வேன். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்த காலம். சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்ததால், தடுக்கி விழுந்த இடமெல்லாம் ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. தலைமைத்துவம், முரண்பாடு தீர்த்தல், தேனீ வளர்ப்பு மூன்றிலும் சான்றிதழ் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் தேனீ இல்லை. முரண்பாடு இருந்தது, தீரவில்லை.

ஆட்டத்தின் அடிகளைப் பெரியம்மா ஒரு வீடியோவில் கொண்டுவந்திருந்தார். அதைத் தந்தபோதே சொன்னார்: "இங்கத்தப் பிள்ளையளுக்கு இது சரிவருமோ தெரியேல்ல. நீர்கொழும்பில ஆடுற சோடி ஒண்டைச் சொல்லி வச்சிருக்கிறன். அண்டைக்கு வந்து மண்டபத்தில இருப்பினம். நீங்கள் தடுமாறினா நான் கை காட்டுவன், அவை எழும்பி ஆடுவினம். உடுப்பும் அவையிட்டயே இருக்கு."

அதாவது, என் அக்காவின் கல்யாணத்தில், என் இடத்தில், மினுங்கல் சட்டை போட்ட யாரோ ஒருத்தி. நான் ஓரத்துக் கதிரையில் இருந்து கை தட்ட வேண்டும். அன்றைக்கே சத்தியம் செய்துகொண்டேன், அந்தப் பெண்ணை அந்த மண்டபத்தில் எழும்ப விடுவதில்லை என்று.

எனக்குச் சோடி மாப்பிள்ளையின் தம்பி, எனக்கு மச்சான் முறை. எங்கள் தீவுக்கு வெளியே, பெருநிலப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தார். பெரியம்மா அதை ஊருக்கு, "தம்பி வெளிநாட்டு நிறுவனமொண்டில, பீல்டில இருக்கிறான்" என்று சொல்லி வைத்திருந்தார்.

கோயில் மண்டபத்தில் பழகத் தொடங்கினோம். அம்மா ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தார். எனக்கும் மச்சானுக்கும் நடுவே ஒரு சாண் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வெங்காயம் நல்ல சாட்டு. மச்சான் ஒரு அடி வைத்தார். குனிந்து நிலத்தைப் பார்த்தார். அடுத்த அடி வைத்தார். மறுபடி பார்த்தார்.

"மச்சான், முகத்தைப் பாத்து ஆடோணும். நிலத்தில ஒண்டுமில்லை."

"பாத்த பிறகுதான் அப்பிடிச் சொல்லலாம்," என்றார்.

மறுநாள் ஒரு பையோடு வந்தார். நூல், சோக்கட்டி, தலையில் சாயம் பூசிய சின்னக் குச்சிகள், அவற்றை நிறுத்திவைக்கக் களிமண் உருண்டைகள். வீடியோவைப் பார்த்துப் பார்த்து அந்த வால்ட்ஸ் முழுவதையும் மண்டபத் தரையில் பாதையாக அடித்து வைத்தார். வெள்ளைத் தலைக்கு உள்ளே கால் வைக்கலாம். சிவப்புக்கு அப்பால் கூடாது. நான் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்கோ மிகத் திருப்தி. அந்த ஒரு சாணும் இப்போது நூல் கட்டி அளந்தாயிற்று.

"சரி, அடி பிழைச்சா?" என்றேன்.

"நிக்கோணும். அவசரப்படக் கூடாது. வந்த அடியிலயே திரும்பிப் போய், தெரிஞ்ச இடத்திலயிருந்து தொடங்கோணும்."

"அதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடும்."

"பாட்டு முடிஞ்சா என்ன?"

இதைக் கூட்டாளிப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டி நல்ல பேர் எடுத்தேன். நான் இரண்டே நாளில் முழுவதையும் பாடமாக்கிவிட்டேன். மிச்ச நாட்களில், வீடியோவில் இல்லாத கை வீச்சுகளை நானே கண்டுபிடித்துச் சேர்த்தேன். மச்சான் அதே பாதையில், அதே அடிகளை, காலையும் பின்னேரமும் நடந்துகொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று நீர்கொழும்புச் சோடி கேக் மேசைக்குப் பக்கத்தில் நேராக நிமிர்ந்து இருந்தது. அந்தப் பெண்ணின் சட்டை அவள் மூச்சு விடும்போதெல்லாம் மினுங்கியது. பாட்டு தொடங்கியது. முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவதும் போனது. எனக்கு உற்சாகம் தலைக்கேறி, மூன்றாவது சுற்றில், மச்சானின் கைக்குக் கீழே ஒரு தடவை சுழல வேண்டிய இடத்தில் இரண்டு தடவை சுழன்றேன். சுழன்று நின்றபோது நான் பார்த்துக்கொண்டிருந்தது சுவரை. என் குதிக்காலின் கீழே அக்காவின் நெற்று, தலையிலிருந்து நிலம்வரை தொங்கிய அந்த வலை முக்காடு. அக்கா தலையைப் பிடித்தபடி ஒருபக்கமாய்ச் சரிந்து நின்றாள்.

மச்சான் நின்றுவிட்டார். நட்ட கட்டை மாதிரி.

பெரியம்மாவின் கை மேலே எழும்பத் தொடங்கியது. நீர்கொழும்புக்காரன் கோட்டுப் பொத்தானைப் பூட்டினான்.

"மச்சான், ஏதாவது செய்யுங்கோ," என்று பல்லுக்குள் சொன்னேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். அங்கே குச்சியுமில்லை, நூலுமில்லை. "வந்த வழியால வாங்கோ," என்று சொல்லி, என் கையைத் தூக்கி, நான் சுழன்ற இரண்டு சுழலையும் மறுபக்கமாகச் சுழற்றினார். நெற்று விடுபட்டது. பிறகு ஒவ்வொரு அடியாக, வைத்த இடத்திலேயே கால் வைத்து, தாளம் தப்பாமல் என்னைப் பின்னுக்குக் கொண்டுபோனார். அக்காவும் அத்தானும் முன்னே சுழன்று வர, நாங்கள் ஆடிய ஆட்டத்தை அவிழ்த்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போனோம். தொடங்கிய இடத்துக்கு வந்ததும் மச்சான் ஒரு மூச்சு விட்டார். திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்.

மண்டபம் கை தட்டியது. யாரோ விசிலும் அடித்தார்கள். பெரியம்மாவின் கை, எழும்பிய பாவத்துக்குத் தன் கொண்டையைத் தடவிவிட்டு இறங்கியது. கோட்டுக்காரன் பொத்தானைக் கழற்றினான். பாட்டு முடிந்தபோது நாங்கள் பாதியில்தான் நின்றோம். அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

பெரியம்மா முகமெல்லாம் பல்லாக வந்தார். "அந்தப் பின்னால போன ஸ்டெப், அது என்ன? கனடாவிலயும் நான் காணேல்ல."

அதற்கொரு பிரெஞ்சுப் பெயர் வைக்கலாமென்று வாய் திறந்தேன். மச்சான் முந்திக்கொண்டார்.

"அது வேலையில பழக்கினது, பெரியம்மா."

"உன்ர பீல்டில டான்சும் பழக்குறவையோ?"

"பின்னுக்கு நடக்கப் பழக்குறவை. முதல் கிழமை முழுக்க அதுதான். மிதிவெடிக் காணிக்குள்ள வழி பிசகினா, வந்த அடியிலதான் திரும்பலாம்."

பெரியம்மா குனிந்து தன் குதி உயர்ந்த சப்பாத்தைப் பார்த்தார். ஒரு காலை மெதுவாகத் தூக்கி, வேறெங்கும் வைக்காமல், எடுத்த இடத்திலேயே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த நீர்கொழும்புப் பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுங்கோ," என்றார்.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு மட்டும் இறைச்சி ஒரு கரண்டி கூடப் போட்டேன். அவள் எழும்பாமல் இருந்தே வாங்கினாள்.