பிரான்சிலிருந்து வந்த பெட்டியும் என் பழைய டப்பாவும்

என் கணவரின் அண்ணன் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் பெண் எடுத்து, பெண்ணோடு பிரான்சையும் சேர்த்துக் கட்டிக்கொண்டவர். புதுச்சேரியில் இதற்கு மேல் ஒரு ஆண்பிள்ளை சாதிப்பதற்கு ஒன்றும் கிடையாது. மில் வேலை பார்த்து ஓய்ந்த என் மாமனார் கண்ணை மூடும்வரை இந்தக் கல்யாணத்தைத் தன் சொந்தச் சாதனையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் அனுப்பினார். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும். ஆபீசில் வேண்டாமென்று கழித்ததை எடுத்து, தெரிந்தவர்களின் சாமான்களோடு கப்பலில் ஏற்றிவிட்டதாக அவரே போனில் சொன்னார். அங்கே குப்பைக்குப் போகவிருந்த பெட்டி, முத்தியால்பேட்டைக்கு வந்து இறங்கியதும் சாமியாகிவிட்டது. ஹாலில் தனி மேசை. பூப்போட்ட துணியில் உறை. வெள்ளிக்கிழமை தவறாமல் மாமியார் கையால் சந்தனப் பொட்டு.

வீட்டுக்கு யாராவது வந்தால் என் கணவர் உறையை விலக்கி சுவிட்சைப் போடுவார். திரையில் பிரெஞ்சில் நல்வரவு தெரியும். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். உடனே அணைத்து, உறையை மாட்டிவிடுவார். அந்த மெஷினின் உத்தியோகமே அவ்வளவுதான். நாய் பெற்ற தெங்கம்பழம் என்று சும்மாவா சொன்னார்கள்.

உழைக்கிற மெஷின் உள் அறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. ஊரிலேயே அசெம்பிள் செய்து வாங்கிய, பழுப்பேறிய என் டப்பா. அதில்தான் காலேஜ் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட்டும் தீசிஸும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பால், கேஸ், என் கணவரின் வண்டிக்குப் பெட்ரோல் எல்லாம் அதிலிருந்து வந்தன. ஆனாலும் அந்த வீட்டில் அதற்கு வேலை என்று பெயரில்லை. ‘அவ உள்ள இன்னாவோ தட்டிக்கினு இருக்கா’ என்பார் மாமியார்.

ஒரு நாள் டப்பா மூச்சுத் திணற ஆரம்பித்தது. ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண்ணின் தீசிஸ் அது, பக்கத்துக்குப் பக்கம் படம். ஃபைலைத் திறந்தால் திரை அப்படியே நின்றுவிடும். மெமரி போதவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணோ தினமும் போன் செய்து அழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இது முடியற வரைக்கும் ஹால்ல இருக்கிற மெஷின்ல அடிச்சிக்கிறேனே” என்று என் கணவரிடம் கேட்டேன்.

“அது அண்ணன் குடுத்தது. உன் கை பட்டா வீணாப் போயிடும்” என்றார்.

என் கை! கல்யாணத்துக்கு முன்னால் தவளக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, ஆண்பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஹார்டுவேர் கோர்ஸ் முடித்த கை. மதர்போர்டைக் கழற்றி மாட்டிக் காட்டித்தான் சர்டிபிகேட் வாங்கினேன். பெண் பார்க்க வந்தபோது அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்கள், தாலி ஏறியதும் மறந்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை.

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போனதும், மாமியார் மத்தியானத் தூக்கத்தில் குறட்டை விட ஆரம்பித்ததும், ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். உடம்பில் இருக்கும் ஸ்டேடிக் கரண்ட் இறங்க ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுவிட்டு, சந்தனப் பொட்டு அழியாமல் சாமியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே பார்த்தால் பிரான்சும் இல்லை, பாரிசும் இல்லை. என் டப்பாவில் இருந்த அதே வகை ஸ்லாட், அதே வகை ஒயர், நிறைய தூசி. அதன் பெரிய மெமரியைப் பிடுங்கி, முனையை ரப்பரால் தேய்த்து என் டப்பாவில் செருகினேன். என்னுடைய சின்னதை அதில் வைத்து மூடினேன். சாயங்காலமே தீசிஸின் படங்கள் தடையில்லாமல் திறந்தன.

ருசி கண்ட பூனை அதோடு விடுமா? என் மின்விசிறி கரகரவென்று சத்தம் போட்டபோது அதையும் மாற்றினேன். கொஞ்ச நாள் கழித்து ப்ராசஸரையே இடம் மாற்றினேன். வெளியே தெரியும் சிடி டிரைவை மட்டும் விட்டுவைத்தேன், நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஹார்டு டிஸ்கையும் தொடவில்லை, நல்வரவு வராமல் போனால் அவருக்கு உயிரே போய்விடும்.

அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கரகர சத்தம் கேட்டதும் வந்தவர்களிடம், “எப்பிடி உறுமுது பாத்தீங்களா, பவரான மெஷின்” என்றார். நல்வரவு வருவதற்குள் காபி ஆறிப்போனது. அதற்கும், “உள்ள நெறைய விஷயம் இருக்குல்ல, டைம் எடுக்கத்தான் செய்யும்” என்று விளக்கம் சொன்னார். நான் சமையலறையில் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

அப்புறம் அண்ணன் லீவில் வந்தார். கதிர்காமத்தில் இருக்கும் நாத்தனாரும் அவரைப் பார்க்க வந்திருந்தார். உறை போட்ட பெட்டியைப் பார்த்ததும் அண்ணனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. “இத யாருமே யூஸ் பண்றதில்லயா?” என்றார். என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு வரம் கொடுத்தார்.

“இனிமே நீ அண்ணன் மெஷின்லயே அடி. உன் பழைய டப்பாவ அக்கா புள்ளைக்கு குடுத்துட்லாம். ஆட்டோ வெளிய நிக்குது, இப்பவே தூக்கிக்கினு போவட்டும்.”

சொன்னவர் உள்ளே போய் ஒயரைப் பிடுங்கவும் ஆரம்பித்துவிட்டார். மெமரி, ப்ராசஸர், பாதியில் நிற்கும் இன்னொரு பையனின் தீசிஸ், என் பிழைப்பு எல்லாமே அந்தப் பழுப்பு டப்பாவுக்குள் இருந்தது. எனக்கென்று வரப்போவது, நான் உரித்துவைத்த கூடு.

“இன்ஜினியரிங் படிக்கிற புள்ளைக்குப் போயி பழச குடுக்கலாமாங்க?” என்றேன். குரல் நிஜமாகவே நடுங்கியது. “பிரான்ஸ் மெஷின அந்தப் புள்ளைக்குக் குடுங்க. எனக்கு இந்த டப்பாவே போதும்.”

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அண்ணன், “பெரிய மனசும்மா உனக்கு” என்றார். என் கணவர் என்னைத் தானே பெற்று வளர்த்தவர்போல் நிமிர்ந்து நின்றார். மாமியார், “இவ்ளோ நாளா உன்ன நான் புரிஞ்சிக்கலியேம்மா” என்று முந்தானையால் மூக்கைச் சிந்தினார். பெட்டி, சந்தனப் பொட்டோடு ஆட்டோ ஏறியது.

எனக்கு நிம்மதி வந்த கையோடு ஆத்திரமும் வந்தது. அந்த வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டேன், செத்துக்கொண்டிருந்த மெஷினை என் கையால் பிழைக்க வைத்தேன், ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. நல்லது என்று அவர்கள் நினைத்த ஒன்றை விட்டுக்கொடுத்ததும் குடும்பக் குத்துவிளக்காகிவிட்டேன்.

பிடுங்கிய ஒயர்களை மறுபடி மாட்டி, அரிசி மூட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து தீசிஸை விட்ட இடத்திலிருந்து அடிக்கத் தொடங்கினேன். ஹாலில் இன்னும் என் மனசின் அளவைப் பற்றித்தான் பேச்சு.

“தட்டுனது போதும், எந்திரிச்சி வந்து எல்லாருக்கும் காபி போடும்மா” என்று மாமியார் குரல் கொடுத்தார், தேனாக.

அந்தப் பக்கத்தை முடித்து, சேவ் பண்ணிவிட்டுத்தான் எழுந்தேன்.