கந்தனின் சிலுவார்

மலாக்காவில், காஜா பெராங்கில் நான் வாடகைக்கு இருந்த அறையின் சன்னல் கட்டையில், தினமும் விடிவதற்குள் ஓர் அரைக்கால் சிலுவாரும் ஒரு பனியனும் துவைத்து மடித்து வைக்கப்பட்டிருக்கும். இங்குள்ள தமிழர்கள் கால்சட்டையைச் சிலுவார் என்பார்கள். வைத்துவிட்டுப் போகிறவரின் காலடிச் சத்தம் ஒருநாளும் எனக்குக் கேட்டதில்லை. முந்தின நாள் என் வேர்வையில் ஊறி, அதே கட்டையில் நான் கழற்றிப் போட்ட துணிதான். ஆனாலும் எடுத்து முகர்ந்தால், நான் ஒருபோதும் தேய்த்திராத ஏதோ ஒரு தலையெண்ணெயின் வாடை லேசாக வரும்.

இந்த நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அது. பண்டார் ஹிலிரில் ஒரு வக்கீல் ஆபீசில் நாள் முழுக்க டைப் அடித்து எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் தினமும் காலையில் அரை மணி நேரம் ஓடச் சொன்னார். "உடம்பை இறுக்காத பருத்தி உடுப்பாகப் பார்த்துப் போட்டுக்கொள்" என்றார். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். மன்னார்குடிப் பக்கத்தில் ஒருவன் ஓடினால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான், இல்லையென்றால் அவிழ்த்துக்கொண்ட மாட்டைப் பிடிக்க ஓடுவான். அதற்கென்று தனி உடுப்பா? நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் ஓடினேன். முதல் நாளே அவிழ்ந்து காலைச் சுற்றி, விழுந்து முட்டி பெயர்ந்தது. ஆபீஸ் கால்சட்டையில் ஓடினேன். தொடை உரசிப் புண்ணானது. புதிதாகத் தைக்கலாமென்றால் எந்தத் தையல்காரரும் துணியைக் கையில் வாங்கவில்லை. எல்லார் மெஷினிலும் கொடிகள், அணிவகுப்புச் சீருடைகள்.

நான் நொண்டுவதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு நாகம்மா அந்த உடுப்பைக் கொண்டுவந்தார். கம்போங் செட்டிக்காரர்; பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாக்காவோடு கலந்துவிட்ட செட்டிகளின் கிராமம் அது. தமிழ்ப் பெயர், நெற்றியில் திருநீறு, கும்பிடுவது மாரியம்மனை. பேசுவது மட்டும் மலாய். தமிழில் அவரிடம் மிஞ்சியிருந்த சில சொற்களில் 'தம்பி'யும் ஒன்று. போட்டுப் பார்த்தேன். எனக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

"யாருடையது?" என்று என் அரைகுறை மலாயில் கேட்டேன்.

"என் மகன் கந்தனுடையது. சயாமுக்குப் போயிருக்கிறான்."

"எப்போது வருவான்?"

"பெலும்" என்றார்.

மலாயில் இல்லை என்பதற்கு இரண்டு சொல் உண்டு. 'தாக்' என்றால் இல்லவே இல்லை. 'பெலும்' என்றால் இன்னும் இல்லை, இனிமேல் உண்டு. என்னைப்போல் பிழைக்கப் போனவன் என்று நினைத்துக்கொண்டேன். நான் வாசல் இறங்கும்போது அவர், "தம்பி, ஜாங்கான் தோலே" என்றார். 'ஜாங்கான்' என்றால் கூடாது என்று தெரியும். 'தோலே'யைத் தோள் என்று எடுத்துக்கொண்டேன். தோளை ஆட்டாமல் ஓடச் சொல்கிறார் போலும் என்று, கழுத்தையும் தோளையும் கட்டைபோல் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடினேன். நாகம்மா வாசல் கதவோரம் நின்றிருப்பார் என்று தெரியும். வளைவு தாண்டி, வேறு சந்து வழியாக அறைக்குத் திரும்புவேன்.

வேட்டியில் போனபோது குரைத்துத் துரத்திய நாய்கள், அந்தச் சிலுவாரில் போனபோது எழுந்து நின்று வழிவிட்டன. கோயில் வாசலைப் பெருக்குகிற கிழவர் என்னைத் தூரத்தில் கண்டதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். ஒருநாள் பின்னால் சைக்கிளில் வந்தவர் ஒருவர், "கந்தா! பார்த்து எத்தனை நாளாச்சு!" என்று சந்தோஷமாகக் கூவினார். முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தார். வந்த வழியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

மார்கழியில்தான் ஆபீஸ் பியூன் இப்ராகிமிடம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தோலே என்றால் தோள் இல்லை. திரும்பிப் பார்ப்பது. மகன் எப்போது சயாமுக்குப் போனான்?"

"தெரியாது. இன்னும் வரவில்லை என்கிறார்."

"ஜப்பான்காரன் காலத்தில் தண்டவாளம் போடப் பிடித்துக்கொண்டு போனார்களே, அந்தச் சயாம்தான். எங்கள் கம்போங்கிலிருந்தும் போனார்கள். பதினாலு வருஷம் ஆகிறது. இனி யார் வரப்போகிறார்கள்?"

அத்தனை காலையும் அந்தத் தாய் பார்த்தது என் முதுகை. முகம் தெரியாதவரைக்கும் ஓடுவது அவன்.

மறுநாள் அந்த உடுப்பைத் தொடவே பயமாக இருந்தது. ஆனாலும் போட்டுக்கொண்டேன். அதிலேயே என்னைக் காட்டிக்கொள்ளாவிட்டால் அவர் இன்னும் எத்தனை காலம் வாசலில் நிற்பாரோ? வளைவு வரை ஓடினேன். நின்றேன். திரும்பினேன்.

நாகம்மா ஒரு கையை நீட்டியபடி நின்றிருந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என் முகத்தைக் கண்டதும் உதடுகள் நின்றன. கை மெல்ல இறங்கியது. நான் நடந்து அவரருகே போனேன்.

"மன்னியுங்கள்" என்றேன்.

"தாக் பாலேக்" என்றார். திரும்பி வரமாட்டான். 'பெலும்' என்று அவர் சொல்லவில்லை.

அன்றே உடுப்பைத் திருப்பிக் கொடுத்தேன். கொடி தைத்து ஓய்ந்திருந்த தையல்காரர் எனக்கு ஒன்று தைத்தார். அது அவ்வளவு பொருந்தவில்லை.

போகியன்று நாகம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். செட்டிகள் அன்று இறந்துபோனவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். பாயின்மேல் கணவருக்கு, மாமியாருக்கு என்று வரிசையாக இலைகள். பதினாலு வருஷமாகப் போடாத இலையும் அன்று இருந்தது. கோழிக்குழம்பு, மிளகாய்ச் சம்பல், ஒரு சிகரெட். அதற்கும் அப்பால், வெறும் சோறும் கத்தரிக்காயும் வைத்து இன்னோர் இலை.

"இது யாருக்கு?"

"உன் அப்பாவுக்கு, தம்பி."

போன வருஷம் ஊரில் அப்பா இறந்துபோனார். தந்தி எனக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் கறி மீன் தொடாதவர் என்பதையும் சேர்த்து, என்றோ நாகம்மாவிடம் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

போனவர்கள் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே உட்கார்ந்தோம். எங்கள் வீட்டிலும் போகிக்குப் படைக்கிற வழக்கம் உண்டு; அதே நாளில் மன்னார்குடியிலும் என் தம்பி அப்பாவுக்கு இலை போட்டிருப்பான். அப்பா கடலைக் கண்ணால்கூடப் பார்க்காதவர். இவ்வளவு தூரம் வழி தெரிந்து வருவாரா? வந்தால் அங்கே இலை காத்துக்கிடக்குமே. வராவிட்டால் இங்கே எனக்கு யார்? சாத்திய கதவுக்குள் ஓர் இலை மெல்லச் சரசரத்தது. எல்லாருக்கும் கேட்டது. எந்த இலை என்று எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.