ஆமைக்கு வேலியாக வைத்த அரளி

சிதம்பரத்தில் எம்.எஸ்சி. தாவரவியல் படித்த இரண்டு வருடமும் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா, கூடவே அவர் வளர்த்த ஒரு ஆமை. சிமென்ட் தரையிலேயே நடந்து அதன் நகமெல்லாம் தேய்ந்திருந்தது. 2009 மழைக்கு முன்னால், கொல்லையில் மண்தரையில் தட்டி வைத்து ஒரு அடைப்பு கட்டி ஆமையை அதில் விடலாமென்று அவருக்குத் தோன்றியது.

“நீ செடி படிக்கிற புள்ளதானே தம்பி, அது வாய வெச்சா ஒண்ணும் ஆவாத செடியா பாத்து நட்டுக் குடு.”

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். என் படிப்பை நம்பி ஒருவர் கொடுத்த முதல் வேலை அது. நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன்: அருகம்புல், பசலை, மூக்கிரட்டை, செம்பருத்தி. எல்லாம் பிடித்துக்கொண்டன. தினமும் காலையில் ஒரு செம்பருத்திப் பூவைக் கிள்ளிப் போடுவேன். சிவப்பைக் கண்டால் ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு வரும்.

தொல்லை தெரு ஆடுகள்தான். தட்டிக்கு மேல் தலையை நீட்டிப் பசலையை மொட்டையடித்தன. ஊரில், மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்த என் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஆடு மேய்த்தே என்னைப் படிக்க வைத்தவள்.

“சுத்தி அரளிப் போத்து நடுடா. ஆடு மோந்துகூடப் பாக்காது.”

எங்கள் ஊரில் வேலிக்கு அதுதான் கணக்கு: ஆடு கடிக்காதது நல்ல செடி. அரளிக் கிளைகளை வெட்டி வந்து சுற்றிலும் நட்டேன். என் பட்டியல் அடைப்புக்கு உள்ளே இருப்பதற்கு மட்டும். வேலியை நான் செடியாகவே நினைக்கவில்லை.

பங்குனியில் ஒரு காலை போய்ப் பார்த்தால், அடைப்புக்குள் அரளிப் பூக்கள் சிவப்பாக உதிர்ந்து கிடந்தன. ஆமையின் வாயோரம் சிவப்பாக ஒரு துணுக்கு. அரளி இதயத்தையே நிறுத்தும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். துணுக்கை எடுத்துவிட்டேன். எத்தனை உள்ளே போயிற்றோ?

கால்நடை மருத்துவமனைக்கு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு ஓடினேன். “மாடுன்னா சீக்கிரம் தெரிஞ்சிடும். இதுக்கு எல்லாமே மெதுவாத்தான் நடக்கும். மூணு நாள் பாரு” என்றார் டாக்டர்.

வீட்டுக்கார அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை.

“படிச்ச புள்ளன்னுதானே உன்னாண்ட உட்டேன்?”

அரளியை வேரோடு பிடுங்கினேன். உதிர்ந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஊருக்குப் போன் செய்து என் அம்மாவிடம் சொன்னபோது, “ஆடு ஏன் திங்கலன்னு நீயாவது யோசிக்கக் கூடாதா? நான்தான் படிக்காத கழுதை” என்றாள்.

வகுப்புக்குப் போகவில்லை. நன்றாக இருக்கும்போதே அசையாமல் கிடக்கும் பிராணி. சாகிறதா தூங்குகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொண்டை ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் நாள் கண்ணே திறக்கவில்லை.

மூன்றாம் நாள் வெயில் ஏறியதும் தலை வெளியே வந்தது. மெல்ல நகர்ந்து பசலைக் கொடியைக் கடித்து இழுத்தது.

“தின்னுதும்மா!”

வீட்டுக்கார அம்மா வந்து, அது விழுங்கும்வரை குனிந்து பார்த்தார். பிறகு, “இன்னும் இருக்கிற செடியெல்லாம் காட்டு” என்றார். ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும், “நிச்சயமா தெரியுமா?” என்றார். தினமும் நானே கிள்ளிப் போட்ட செம்பருத்திக்குக்கூட ஆமாம் என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.