தோற்க மறந்த கட்டைவிரல்

என் கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் இருந்தால் மனம் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

பென்னலூரில் என்னோடு ஒரே அறையில் இருந்த தம்பிக்கு ஊர் தென்காசிப் பக்கம். ஒரகடத்துக் கம்பெனியில் லைன் வேலை போனதும், செல்போன் விளையாட்டுகளுக்கு விளம்பரப் படம் செய்யும் ஓர் இடத்தில் சேர்ந்தான். இரண்டு படம் ஓடினால் வேலை நிரந்தரம் என்றார்கள். முதல் படத்துக்கு என் கையைக் கேட்டான். நான் அதுவரை செல்போனில் விளையாடியதே இல்லை. திரையில் ஒரு ராஜா, அவர் தலைக்கு மேல் தண்ணீர், நடுவில் இரண்டு கம்பிகள். சரியானதை உருவினால் பிழைப்பார். நான் மற்றதை உருவினேன், மூழ்கிப்போனார். "அண்ணே, அப்பிடியே இருங்க! இன்னொருக்கா தோத்துக் காட்டுங்க!" என்று அவன் குதித்தான். ஒருவன் தப்பாக ஆடினால், பார்ப்பவனுக்குத் தானே ஆடிக்காட்டக் கை பரபரக்குமாம். பரபரத்தது. படம் ஓடியது.

பிறகு நடந்ததைக் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து ஆட்களின் செல்போனில் பார்த்தேன். புதிர் விளையாட்டின் ராஜா மூழ்கிய அதே தண்ணீரில், பண்ணை விளையாட்டின் விளம்பரத்தில் ஒரு விவசாயி மூழ்கினார். சண்டை விளையாட்டில் ஒரு சிப்பாய். விளையாட்டுக்குள் போனால் கம்பியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஒருநாள் சீட்டாட்ட விளம்பரத்தில் வந்தது என் கட்டைவிரலேதான். பிரஸ் மெஷினில் நசுங்கிய பாதி நகம் எனக்குத் தெரியாதா? பக்கத்தில் இருந்த வாலாஜாபாத்காரர், "இன்னாடா இவன், கண்ணு தெர்லியா? அந்தாண்ட இழுடா டேய்!" என்று கத்தினார். பஸ்ஸே சிரித்தது. நான் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

தம்பியிடம் சொன்னேன். "ஒருத்தனுக்கு ஓடுச்சுன்னா எல்லாவனும் எடுத்துப் போட்டுக்கிடுவான்ணே," என்று சிரித்தான். இரண்டாவது படத்துக்குப் புது ஆட்டம் கொண்டுவந்தான். ஆனால் பஸ்ஸில் கேட்ட சிரிப்பு பொறுக்காமல், சாப்பாட்டு நேரங்களில் அவனுக்குத் தெரியாமல் நான் இந்த மாதிரி ஆட்டங்களை ஆடிப் பழகியிருந்தேன். விரல் தானாகவே சரியான இடத்துக்குப் போனது. வேண்டுமென்றே தப்பாக இழுத்தால் நடிப்பு பல்லிளித்தது. வேறு கைகளையும் வைத்துப் பார்த்தான். பக்கத்து அறைகளில் விளையாடத் தெரியாத கை ஒன்றுகூட இல்லை.

படம் ஓடவில்லை. அவனை நிறுத்திவிட்டார்கள். ஊருக்குக் கிளம்பும்போது, "ஒங்க மேல தப்பில்லண்ணே, என் நேரம்," என்றான். நான் பழகியதைச் சொல்ல வாய் வரவில்லை.

இதைப் போனில் சொல்ல இப்போதும் வராது. வேறு யாருக்கும் காட்டுவதற்கு முன்பு, இந்தத் தாளைப் படம்பிடித்து அவனுக்கு அனுப்புகிறேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.