இடம் மாறிய இரண்டு எண்கள்

எங்கள் அச்சகத்தில் மருந்துப் பெட்டிகளுக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள்கள் அச்சாகும். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. எத்தனை மாத்திரை, எத்தனை வேளை, யார் சாப்பிடக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு புள்ளி இடம் மாறினால் ஓர் உயிர் போகலாம். அந்தப் புள்ளிகளுக்கு இருபத்தாறு வருஷம் காவல் இருந்தவர் என் எதிர் மேசைக்காரர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை பார்ப்பார். பேசும்போதும் நிறுத்தி நிறுத்திப் பேசுவார் என்பதால் அச்சகம் முழுக்க அவருக்குக் காற்புள்ளி என்று பெயர். "முற்றுப்புள்ளின்னு வைக்காம விட்டீங்களே" என்பார் அவர்.

அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. பேருந்துப் படி ஏற முடியாது. நாலு மணி நேரத் தொலைவில் மனைவியின் அக்கா தனியாக இருந்தார். அக்காவுக்கு இதயம் பலவீனம், அவரும் அலையக் கூடாது. ஆறு வருஷமாக அக்கா தங்கை உறவெல்லாம் தொலைபேசியில்தான். அந்த அக்காவைப் போய்ப் பார்ப்பதற்கென்றே காற்புள்ளி ஐம்பத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, எட்டு வருஷம் ஓடிய ஒரு பழைய காரை வாங்கினார்.

விற்ற இடத்தில் ஒரு வருஷ வாரண்டி கொடுத்தார்கள். பதினொரு பக்கம். நின்றபடியே அத்தனையும் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அதற்குள் விற்பனையாளர் இரண்டு தடவை வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தாராம்.

மூன்றாவது வாரம் மேம்பாலத்து ஏற்றத்தில் கியர் விழவில்லை. உள்ளே ஏதோ அரைபடும் சத்தம் கேட்டது. வண்டி நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக அக்காவிடம் சொல்லியிருந்தார்கள்.

"வாரண்டி எங்களது இல்ல சார், அது தனிக் கம்பெனி" என்றார் விற்பனையாளர். கம்பெனியைக் கேட்டால், மெக்கானிக் கியர்பாக்ஸைப் பிரித்துக் காரணம் சொல்லட்டும் என்றது. மெக்கானிக் பிரித்து, பேரிங் உடைந்திருக்கிறது என்றார். கம்பெனி ஓர் ஆய்வாளரை அனுப்பியது. அவர் பத்து நிமிஷம் நின்றார், நாலைந்து படம் எடுத்தார், போய்விட்டார். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வரிக் கடிதம் வந்தது. வண்டியின் அதிக ஓட்டம் காரணமாக, இந்தப் பழுது வாரண்டியில் சேராது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கம்பெனிக்குப் போன் போடுவதே காற்புள்ளிக்கு வேலையாகிவிட்டது. இந்தப் பிரிவு இல்லை, அந்தப் பிரிவு என்று பந்தாடினார்கள். நடுவில் காத்திருக்கச் சொல்லி ஓர் இசையைப் போட்டுவிடுவார்கள்.

"அந்த டொய்ங் டொய்ங் இப்ப எனக்குத் தூக்கத்துலயும் கேக்குது. அக்காவுக்குப் போன்லயே பாடிக் காட்டினேன். நல்லாத்தான் இருக்குங்கறா" என்றாராம் மனைவி.

ஆய்வாளரின் அறிக்கையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கவே ஆறு வாரம் ஆனது. வந்த மறுநாள் அதை என் மேசையில் விரித்தார். வண்டி ஓடிய தூரம் 86,412 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது. எண்பதாயிரத்தைத் தாண்டிய வண்டிக்கு கியர்பாக்ஸ் பொறுப்பு கிடையாது என்று ஏழாம் பக்கத்தில் ஒரு விதி. அறிக்கையோடு சேர்த்து அனுப்பிய படத்தில், அதே வண்டியின் மீட்டரில், 68,412.

"எட்டும் ஆறும் இடம் மாறியிருக்கு. அவ்வளவுதான்" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அறிக்கையைத் திருத்தும் அதிகாரம் ஆய்வாளருக்கு மட்டும்தான் உண்டு, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றது கம்பெனி. காற்புள்ளி நுகர்வோர் குறைதீர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். வண்டி மெக்கானிக் கடையில் பாதி பிரித்த நிலையில் தூசு படிந்து கிடந்தது.

அப்போதுதான் மனைவி கேட்டார்.

"என்னங்க, அது பாட்டுக்கு நடக்கட்டும். ஒரு வாடகைக் கார் வெச்சு அக்காவ ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாமே."

"சொந்தக் காரை வெச்சுக்கிட்டு வாடகைக் காரா? இன்னும் ரெண்டு வாரம், பொறு."

"அவ குரலே ஒரு மாதிரி இருக்குங்க."

"தப்பு அவங்களோடதும்மா. அச்சுல இருக்கு. இதுல நான் எதுக்கு விட்டுக்கொடுக்கணும்?"

வாடகைக் கார் எடுப்பது எப்படி விட்டுக்கொடுப்பதாகும் என்று மனைவி கேட்கவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதரிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார். இரண்டு வாரம் ஆறு வாரம் ஆனது.

ஒரு சனிக்கிழமை காலை. காற்புள்ளி முன்னறையில் போனைக் காதில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். மேலதிகாரி ஒருவரே பேசப்போகிறார் என்று சொல்லியிருந்தார்கள். சமையலறையில் மனைவியின் போன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் மனைவி சுவரைப் பிடித்தபடி வந்து வாசல் நிலையருகே நின்றார். காற்புள்ளி ஒரு விரலை உயர்த்தி, ஒரு நிமிஷம் என்று காட்டினார். மனைவி அப்படியே நின்றார். மேலதிகாரி லைனில் வந்தார், பேசினார், பார்க்கிறேன் என்றார். ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும். போனை வைத்துவிட்டு, "என்ன?" என்று கேட்டார்.

"அக்கா போயிட்டா."

போன் செய்த இருபதாவது நிமிஷத்தில் வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது.

வழி நெடுக மனைவி அழவில்லை என்று காற்புள்ளி பிறகு என்னிடம் சொன்னார். "அழுதிருந்தா தேவலை" என்றார். அந்த விரலைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார். சொல்லும்போது அந்தக் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

வண்டி நின்றுபோன ஐந்தாவது மாதம் தீர்ப்பு வந்தது. தவறு கம்பெனியுடையது, கியர்பாக்ஸை முழுமையாகச் சரிசெய்து தர வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம். அச்சகத்தில் எல்லோரும் கைகொடுத்தோம். அவர் அதை வீட்டில் மனைவியிடம் படித்துக் காட்டியிருக்கிறார். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "நல்லதுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதில் குத்தல் இருந்ததா என்று அவர் பல நாள் யோசித்தார். இல்லை என்பதுதான் அவரை அறுத்தது.

வண்டி வீட்டுக்கு வந்தது. மனைவி அதில் ஏறவில்லை. கோபம் ஒன்றும் காட்டவில்லை. கடைக்கு வா என்றால் கால் வலி, வைத்தியரிடம் போகலாம் என்றால் அடுத்த வாரம். சாயங்காலங்களில் அந்த வீட்டில் போன் பேச்சே இல்லாமல் போயிற்று. அவர் பேச வேண்டிய கம்பெனியும் இல்லை, மனைவி பேச வேண்டிய அக்காவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கூப்பிட்டார். வீட்டை வேறு ஆளுக்கு விடப்போகிறார், சாமான்களை எடுத்துக்கொள்ள வேண்டும். மனைவி யோசித்துவிட்டு, "வண்டியிலயே போயிடலாம்" என்றார். பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது. நாலு மணி நேரத்தில் இருவரும் பேசியது, தண்ணீர் வேண்டுமா, வேண்டாம், அவ்வளவுதான்.

அக்காவின் வீடு இரண்டே அறை. கட்டில், அலமாரி, ஜன்னலோரம் மாத்திரை டப்பா. கட்டிலுக்குப் பக்கத்தில் கடைக்காரர் சுற்றிக் கொடுத்த அட்டை பிரிக்கப்படாமல் ஒரு நாற்காலி. உயரமானது, கைப்பிடி வைத்தது. முழங்கால் மடக்க முடியாதவர்கள் உட்காருவதற்கென்றே செய்தது. அதன் காலில் ரசீது நூலில் கட்டியிருந்தது. காற்புள்ளி குனிந்து தேதியைப் படித்தார். இவர்கள் கார் வாங்கிய அதே வாரம்.

அவர் படித்ததை மனைவி பார்த்தார்.

"என்னைக்கு?"

சொன்னார்.

மனைவி அந்த அட்டையைத் தானே கிழித்துப் பிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அழுதார், அத்தனை மாதத்துக்கும் சேர்த்து. காற்புள்ளி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"வாடகைக் காரே எடுத்திருக்கணும்" என்றார் கடைசியில்.

"இப்ப சொல்றீங்க."

"என் தப்புதான்."

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் ஒரு தடவை கேட்டுட்டு விட்டுட்டேன். நானே போன் பண்ணி வண்டிய வரச் சொல்லியிருக்கலாம். எனக்கும் கை இருந்துச்சு, போன் இருந்துச்சு." மடியில் விழுந்திருந்த அட்டைத் துண்டைத் தட்டிவிட்டு, "ஆனா நீங்க அந்த விரலைக் காட்டினீங்க பாருங்க, அதை மட்டும் என்னால மறக்க முடியல" என்றார்.

காற்புள்ளி எழுந்து சாமான்களைக் கட்டத் தொடங்கினார்.

கட்டிலையும் அலமாரியையும் வீட்டின் சொந்தக்காரரிடமே விட்டுவிட்டார்கள். நாற்காலி வண்டியின் பின்பக்கத்தில் நுழையவில்லை. பின் இருக்கையில் படுக்க வைத்துக் கட்டினார்கள். வேறு இடம் இல்லாததால் மனைவி முன்னால் உட்கார்ந்து வந்தார். இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் எனக்குச் சொன்னார். இந்தத் தடவை எங்கேயும் நிறுத்தவில்லை, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். டிபன் பெட்டியைத் திறக்கவே இல்லை.