மூலத்தில் இல்லாத ஒரு வரி

எனக்கு மெமோ வந்தது ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. டைப் அடித்த ஒரே பக்கம். லெதர் ஸ்டோரில் கறுப்புத் தோல் பதினோரு கட்டு குறைகிறது என்றும், கடந்த மூன்று மாதத்தில் ஏழு ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் இன்சார்ஜ் தயாளன் விடுமுறை நாளில் குடோனைத் திறந்து வெளியாள் ஒருவரை உள்ளே அழைத்துப் போயிருக்கிறார் என்றும் அதில் இருந்தது. தயாளன் நான்தான். என்ன காரியத்துக்காக என்று மூன்று நாளில் எழுதித் தர வேண்டும்.

அன்றே எழுதிக் கொடுத்தேன். ஒரே வரி: "பழைய தமிழ்ச் செய்யுள் படித்து ரெக்கார்டு செய்வதற்காக."

பர்சனல் ஆபீசர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு, "வேற பேப்பர் தரட்டுமா?" என்று கேட்டார்.

ஒலிநூல் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதுங்கள், மைக் பற்றி, சத்தம் குறைப்பது பற்றி என்று என்னைக் கேட்டார்கள். மைக் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். ஆகவே அந்த மெமோவைப் பற்றி எழுதுகிறேன். சத்தம் குறைப்பதும் அதில் வருகிறது.

1. அமைதியான இடம்

இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ ஃபேக்டரியில் எனக்கு வேலை. இன்டர்நெட்டில் ஒரு குழு இருந்தது. எழுதியவர் இறந்து அறுபது வருஷம் தாண்டிய, யாருக்கும் உரிமை இல்லாத பழைய செய்யுள் நூல்களை வாய்விட்டுப் படித்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக் கேட்கும்படி போடுவது அவர்கள் வேலை. சம்பளம் கிடையாது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நானும் பேர் கொடுத்தேன்.

முதல் ரெக்கார்டிங் என் வீட்டில் செய்தேன். பக்கத்திலேயே ஒரு சின்ன டேனரி. அங்கே தோல் ஊறும் டிரம் பகல் முழுக்கச் சுற்றும். நான் படித்த ஒவ்வொரு அடிக்கும் கீழே யாரோ அம்மிக்கல்லை உருட்டுகிற சத்தம். குழுவில் கேட்டவர்கள், குரலும் சுமார்தான் என்று பணிவாக எழுதினார்கள். நான் படிப்பதை விட்டுவிட்டு எடிட்டிங்குக்கு மாறினேன்.

படிக்க வந்தவர் சுகிர்தா சிஸ்டர். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், வீடு சத்துவாச்சாரி. டியூட்டி மாற்றும்போது நோயாளியின் நிலையை அடுத்த ஷிஃப்டுக்குச் சொல்வார்களே, அதே குரலில் செய்யுள் படிப்பார். ஏற்றம் இறக்கம் கிடையாது. அழுகை கிடையாது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும். இந்தக் குரல்தான் வேண்டும் என்று குழுவில் எல்லோரும் ஒரே நாளில் சொன்னார்கள். ஆனால் அவர் வீடு ஹைவேயைப் பார்த்து இருந்தது. லாரி ஹார்ன் இல்லாமல் ஒரு வெண்பாகூட முடியவில்லை.

எங்கள் குடோனில் முன்னால் இருந்து கூப்பிட்டால் பின்னால் இருக்கிற ஹெல்பருக்குக் கேட்காது. ஸ்டோருக்கு வந்ததிலிருந்து பன்னிரண்டு வருஷமாக இது எனக்குத் தெரியும். திட்டினதுதான் மிச்சம், யோசித்ததில்லை. தரையிலிருந்து தலைக்கு மேல் வரை தோல் அடுக்கியிருக்கும். தோல் சத்தத்தைக் குடித்துவிடும். ஒரு சனிக்கிழமை மதியம் பின் மூலையில் நின்று பேசி, ரெக்கார்டு செய்து பார்த்தேன். வேலூர் மாவட்டத்தில் அதைவிட நல்ல ஸ்டூடியோ அப்போது இருந்திருக்காது.

எழுத்தில் அனுமதி வாங்கவில்லை. வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் சரி என்றார். சிஸ்டர் பஸ்ஸில் வருவார். அவருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து கொடுத்த லேப்டாப், மைக் வைத்த ஒரு ஹெட்செட். எடிட்டிங்குக்காக லேப்டாப்பை என்னிடமே விட்டுப் போவார். பின் ஷட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவார். அந்த ஷட்டர் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. நான் முன் கதவுக்கு வெளியே காவல். வாட்ச்மேன் ரிஜிஸ்டரில் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக எழுதினார்: "தயாளன், சிஸ்டர். சொந்த வேலை."

2. பதினாலு நிமிஷம் இருபது செகண்டு

மூன்றாவது ஆள் முனிரத்தினம். ஜோலார்பேட்டையில் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தார். ரெக்கார்டிங்கைப் புத்தகத்தோடு வைத்துக் கேட்டு, பிழை குறித்து அனுப்புவது அவர் பங்கு. ஃபைல் பெரிதாக இருக்கும், நெட்டில் ஏறாது. அதனால் சிடியில் போட்டு, ரயிலில் போகிற தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்து அனுப்புவேன். இரண்டு நாளில் அவரிடமிருந்து மெயில் வரும். மூன்று நிமிஷம் பன்னிரண்டில் ழகரம் ளகரமாகிவிட்டது. ஒன்பது நாற்பதில் இருமல். இப்படி. பாராட்டு எதுவும் இருக்காது.

ஒரு வாரம் வந்த லிஸ்டில் இது இருந்தது:

"14:20. ஷட்டர் சத்தம். பிறகு ஆண் குரல்: 'டேய், உள்ள பொம்பள குரல் கேக்குதுடா. மூடு, மூடு.' மீண்டும் ஷட்டர். இந்த வரி மூலத்தில் இல்லை. நீக்கவும்."

முதலில் சிரித்தேன். பிறகு லேப்டாப்பில் அந்த இடத்தைப் போட்டுக் கேட்டேன். 'மூடு' என்ற சொல்லிலேயே தெரிந்துவிட்டது. குமரேசன். கட்டிங் செக்ஷன் சூப்பர்வைசர். பதினாலு வருஷமாக ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து மதியம் சாப்பிடுகிறோம்.

சிஸ்டருக்கு அது கேட்கவில்லை. காதில் ஹெட்செட். ஏதோ அதிர்ந்த மாதிரி இருந்தது, ரயில் போகிறது என்று நினைத்துப் படித்துக்கொண்டே போயிருக்கிறார்.

கட்டிங் சூப்பர்வைசருக்குக் குடோன் பின் ஷட்டரில் வேலை கிடையாது. சாவியும் கிடையாது. இது எனக்குத் தெரியும். ஏதாவது அவசரத்துக்கு வந்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம், நானே அனுமதி இல்லாமல்தானே உள்ளே இருந்தேன் என்றும் சொல்லிக்கொண்டேன். எட்டு செகண்டை செலக்ட் செய்து வெட்டினேன். அந்தச் செய்யுளை சிஸ்டர் அடுத்த வாரம் மறுபடி படித்தார், ஒட்டினேன். டிஸ்கில் இடம் இல்லை என்று ஒரிஜினல் ஃபைலை அழித்தேன். இடம் இருந்தது.

அந்த மெயில் வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை சாப்பிடும்போது குமரேசன், "ஞாயித்துக்கெழம கூட வர்றியாமே, இன்னா வேலை?" என்று கேட்டான். புத்தகம் படித்து ரெக்கார்டு செய்கிறோம் என்றேன். நல்ல காரியம் என்றான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

3. மூன்று நாள்

ஸ்டாக் எடுத்தார்கள். தோல் குறைந்தது. மெமோ வந்தது. மேலே சொன்னேன்.

குற்றச்சாட்டைவிட வேகமாக இன்னொன்று பரவியது. ஞாயிற்றுக்கிழமை, பூட்டின குடோன், ஒரு பொம்பளை. லைனில் வேலை செய்கிற பெண்கள் நான் போனால் பேச்சை நிறுத்தினார்கள். தேதி வைத்துப் பேசுகிறார்கள் என்று வாட்ச்மேன் வந்து வருத்தத்தோடு சொன்னார். தேதி எல்லாம் அவர் ரிஜிஸ்டரில் இருந்து எடுத்ததுதான்.

சிஸ்டருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். விசாரணை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

முனிரத்தினத்துக்கும் போன் செய்தேன். இனி கொஞ்ச நாளைக்கு சிடி வராது என்று சொல்வதற்காக. அவர் காரணத்தைக் கேட்டுவிட்டு, ஒரிஜினல் சிடி எல்லாம் வரிசையாகத் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். சிக்னல் வேலையில் எந்த ரெக்கார்டையும் தூக்கிப் போட மாட்டார்களாம், அதே பழக்கம் என்றார். அந்த ஆண் குரல் யாருடையது என்று கேட்டார். சொன்னேன். சிடி வேண்டாம் என்றும் சொன்னேன். குமரேசனுக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள்.

"தயாளன், அது உங்க தோஸ்த் குரல்னா நீங்க காப்பாத்தலாம்," என்றார். "ஆனா மத்த முப்பத்தெட்டு நிமிஷமும் சிஸ்டர் குரலு. அவங்க அங்க இன்னா பண்ணிட்டு இருந்தாங்கன்னு அந்த சிடி ஒண்ணுதான் சொல்லும்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. மறுநாள் காலை முதல் ரயிலில் அவரே சிடியோடு வந்துவிட்டார்.

4. விசாரணை

மேனேஜர் ரூமில் நடந்தது. மேனேஜர், பர்சனல் ஆபீசர், நான், முனிரத்தினம். சிஸ்டர் டியூட்டி முடித்து வெள்ளை யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்.

பர்சனல் ஆபீசர் ரிஜிஸ்டரைத் திறந்தார். "உங்க சிஸ்டர்னு எழுதியிருக்கு. உங்களுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லன்னு சர்வீஸ் ஃபைல்ல இருக்கு." சிஸ்டர் தன்னுடைய ஆஸ்பத்திரி அடையாள அட்டையை மேஜையில் வைத்தார். அந்த விஷயம் அதோடு முடிந்தது.

சிடியைப் போடலாம் என்றார்கள். குறிப்பிட்ட இடத்துக்குப் போகலாம் என்று முனிரத்தினம் சொன்னார். நடுவில் போட்டால் நடுவில் சேர்த்தது என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள், முதலிலிருந்து போடுங்கள் என்றார் பர்சனல் ஆபீசர். முதலிலிருந்து போட்டோம்.

அந்த ரூமில் தோல் விலை, ஷிப்மெண்ட் தேதி தவிர எதையும் பேசிக் கேட்டதில்லை. இப்போது சிஸ்டர் குரல் ஒவ்வொரு செய்யுளாகப் படித்தது. நாலாவது நிமிஷத்தில் மேனேஜர் ஃபேனை நிறுத்தச் சொன்னார். சிஸ்டர் ஒரு தடவை, "இருங்க, மறுபடி படிக்கிறேன்," என்று சொன்னதும் அதில் இருந்தது. போன் அடித்தது. மேனேஜர் எடுக்கவில்லை. பிழைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முனிரத்தினம் ஒன்பது நாற்பதில், "இருமல்," என்றார். இருமல் வந்தது. பர்சனல் ஆபீசர் அதையும் குறித்துக்கொண்டார்.

பதினாலு இருபதில் ஷட்டர். பிறகு அந்தக் குரல். பிறகு ஷட்டர். யாரும் பிளேயரை நிறுத்தவில்லை. சிஸ்டர் பாட்டுக்கு அடுத்த செய்யுளுக்குப் போய்விட்டார். அது முடிந்த பிறகுதான் மேனேஜர் கையைக் காட்டினார்.

"யாருன்னு கேக்க வேண்டியதில்ல," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இத முன்னாடியே கேட்டியா?"

"கேட்டேன் சார். வெட்டிட்டேன்."

"ஏன்?"

"கூட சாப்புடறவன் சார்."

குமரேசனைக் கூப்பிட்டார்கள். மறுபடி போட்டுக் காட்டட்டுமா என்று மேனேஜர் கேட்டதற்கு, வேண்டாம் சார், நான்தான் என்றான். வாணியம்பாடியில் மச்சானோடு சேர்ந்து பர்ஸ் தைக்க ஒரு இடம் ஆரம்பித்திருந்தான். அதற்காகத்தான் தோலை எடுத்தான். போலி சாவி ஒன்று செய்து வைத்திருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நாலு கட்டு. பிறகு, வேலை நாளில், சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏழு கட்டு. என்னோடு அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போன நாட்கள் அவை. எனக்கு இப்போது எண்ணிப் பார்க்க முடிந்தது.

போகும்போது சிஸ்டர் முன்னால் நின்றான். "உங்களுக்கு பயம் காட்டணும்னு வரலம்மா," என்றான்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலிங்க," என்றார் சிஸ்டர்.

5. பிறகு நடந்தது

போலீசுக்குப் போகவில்லை. குமரேசனிடம் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். எனக்கு, அனுமதியில்லாமல் குடோனைப் பயன்படுத்தியதற்கு ஒரு எச்சரிக்கை, தெரிந்ததை மறைத்ததற்கு ஒரு எச்சரிக்கை. ஸ்டோர் சாவியை வாங்கிக்கொண்டு பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ரிட்டயர் ஆகிற வரை அங்கேதான் இருந்தேன். அநியாயம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அநியாயம் இல்லை.

சிஸ்டர் அதோடு வர மாட்டார் என்று நினைத்தேன். அவர் மேனேஜருக்கு ஒரு மனு எழுதினார். இன்னும் நாற்பது செய்யுள் பாக்கி இருப்பதாகவும், இந்த இடத்தில் தொடங்கியதை இந்த இடத்திலேயே முடிக்க விரும்புவதாகவும். இரண்டு வாரம் கழித்து கேட் பாஸ் வந்தது. ஞாயிறு பத்து மணி முதல் ஒரு மணி வரை. குடோனை செக்யூரிட்டி திறந்துவிட வேண்டும். நோக்கம் என்ற இடத்தில் "செய்யுள்" என்று மேனேஜர் தன் கையால் எழுதியிருந்தார். லைன் பெண்களில் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார்கள். அரை மணி நேரம் சத்தம் இல்லாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். பேச்சு அடங்கியது.

அந்த நூலின் நூறு செய்யுளும் முடிந்து நெட்டில் ஏறியது. இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. கேட்டால் சுத்தமாக இருக்கும். ஒரிஜினலை அழிக்காதீர்கள் என்று உங்களுக்கு முனிரத்தினம் சொல்லியிருப்பார். நானும் சொல்கிறேன். ஆனால் அதற்காக இதை எழுதவில்லை.

நாலு வருஷம் கழித்து வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது குமரேசன் கடையைக் கண்டுபிடித்துப் போனேன். சின்னக் கடை. பர்ஸ், பெல்ட். தையல் சுத்தமாக இருந்தது. உட்கார வைத்தான். பெண்கள் காலேஜ் போகிறார்கள் என்றான். டீ வரவழைத்தான். கொஞ்ச நேரம் தோலைப் பற்றியே பேசினோம்.

பிறகு அவனாகவே சொன்னான். "அந்த திங்கக்கெழம நீ கேப்பேன்னுதான்டா பாத்துட்டு இருந்தேன். உன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது. நீ கேட்டிருந்தா அன்னிக்கே வுட்டிருப்பேன். நீ ரசம் ஊத்திக்கின."

எனக்குத் தெரிந்துதான் இருந்தது என்றேன். அப்போதுதான் அவனிடம் முதல் தடவையாகச் சொல்கிறேன். எட்டு செகண்டை வெட்ட எனக்கு அரை நிமிஷம் ஆனது. அதைக் கேட்டேன் என்று அவனிடம் சொல்ல நாலு வருஷம் ஆனது, அதுவும் அவன் ஆரம்பித்த பிறகு.